ஏத்தத்துல இழுக்குமா?

ஜவ்வாது மலை ஏறும் லோடு வண்டிகளும் மாற்று எரிபொருளும்

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு லோடு வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. வளைவு நெருங்கும்போது டிரைவர் இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்குவார். வண்டி ஒரு கணம் தயங்கும். பிறகு அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு ஏறும். சைலன்சரிலிருந்து கறுப்பாகக் கிளம்பும் புகை மேலே போகாமல் மரங்களுக்கிடையே அங்கேயே நிற்கும். பாரம் கூடுதலாக இருந்தால் பாதி வழியில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இஞ்சின் சூடு ஆறும்வரை காத்திருப்பார்கள்.

ஏறும்போது அரிசி மூட்டை, சிமென்ட், கம்பி, கேஸ் சிலிண்டர், கடைச் சரக்கு. இறங்கும்போது புளி, பலா, சாமை, சீத்தாப்பழம். ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கம் இருப்பவை புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற மூன்று நாடுகள். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களின் விளைச்சல் சந்தைக்கு வருவதும், அவர்கள் வீட்டு அடுப்புக்கு வேண்டியது மேலே போவதும் இந்தச் சின்ன வண்டிகளை நம்பித்தான். பெரிய லாரி இந்த வளைவுகளில் திரும்பாது. டாடா ஏஸ் வண்டிக்கு நம் ஊரில் ‘குட்டியானை’ என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை. மலையில் அது யானை வேலைதான் செய்கிறது.

மாற்று எரிபொருள் என்று பேச்செடுத்தால் இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜை அல்ல, விலையைக்கூட அல்ல. “ஏத்தத்துல இழுக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டெல்லியிலும் சென்னையிலும் எழுதப்படும் திட்டங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அடிவாரத்தில் ஓடும் நெடுஞ்சாலை

மலையிலிருந்து இறங்கி வடக்கே போனால் நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் செல்கிறது சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48. இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையோர டீக்கடை ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கன்டெய்னர், கார் ஏற்றும் லாரி, தோல் தொழிற்சாலைக்கு ரசாயனம் கொண்டுபோகும் டேங்கர், கூரியர் நிறுவனங்களின் மூடிய வண்டிகள் என்று வரிசை அறுவதே இல்லை. நாட்டில் ஓடும் வாகனங்களில் டீசல் லாரிகள் 3 சதவீதம்தான். போக்குவரத்துத் துறை வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் அவற்றின் பங்கு 42 சதவீதம். 2025 ஜூலையில் மின்சார லாரிகளுக்கான மானியத் திட்டத்தை அறிவித்தபோது மத்திய அரசே சொன்ன கணக்கு இது.

பெரிய நிறுவனங்கள் மாறத் தொடங்கிவிட்டன. 2025-க்குள் இந்தியாவில் 10,000 மின்சார டெலிவரி வண்டிகளை இறக்குவோம் என்று அமேசான் 2020-ல் அறிவித்தது. 2030-க்குள் டெலிவரி வண்டிகள் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றுவோம் என்கிறது பிளிப்கார்ட். 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த எரிசக்தி மாநாட்டில், ரிலையன்ஸோடு சேர்ந்து உருவாக்கிய ஹைட்ரஜன் லாரியை அசோக் லேலண்ட் காட்சிக்கு வைத்தது. 2025 மார்ச்சில் டாடா மோட்டார்ஸின் ஹைட்ரஜன் லாரிகள் சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டன. புகையில்லா லாரிகளுக்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் தனி ஆய்வு மையம் இயங்குகிறது.

திருப்பத்தூர் மாவட்டம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். கிழக்கே ராணிப்பேட்டையில் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் ஆலை. மேற்கே போச்சம்பள்ளியில் ஓலா ஆலை. அதைத் தாண்டினால் ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., ஏத்தர். இந்தியாவின் மின்சார வாகனத் தொழிலில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தின் இரு தோள்களிலும் உட்கார்ந்திருக்கிறது. மலை ஏறும் லோடு வண்டிக்கு அதனால் இதுவரை கிடைத்தது மிகச் சொற்பம்.

கரி பஸ் காலம்

மாற்று எரிபொருள் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அன்றைய சென்னை மாகாணத்துச் சாலைகளில் பஸ்களும் லாரிகளும் கரியில் ஓடின. தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் ‘கரி பஸ்’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். வண்டியின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டுவார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊதுவார். கரி முழுதாக எரிந்துவிடாமல் குறைந்த காற்றில் புழுங்கும்போது கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதை வடிகட்டி இஞ்சினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். புறப்படுவதற்கே அரை மணி நேரத் தயாரிப்பு வேண்டும்.

பெட்ரோலில் கிடைத்த இழுவை இந்த வாயுவில் கிடைக்காது. மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடப்பார்கள், சில சமயம் தள்ளவும் செய்வார்கள். ஏத்தத்தில் இழுக்குமா என்ற கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு, இழுக்காது என்ற பதிலும் வந்துவிட்டது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிப் பீப்பாய்களைக் கழற்றிப் போட்டார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கரிக்கு விலை கொடுத்தது காட்டு மரங்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

புங்கம்பட்டின் புங்கம்

புங்கம்பட்டுநாடு. பெயரிலேயே புங்கம் இருக்கிறது. அந்த மரத்தின் விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். ஒரு காலத்தில் விளக்கெரித்த எண்ணெய்தான். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ஆக, தாவர எண்ணெயில் டீசல் இஞ்சின் ஓடும் என்பதில் சந்தேகம் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டிக் காட்டினார். அன்று ஆந்திராவில் இருந்த அடிலாபாத் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமமான பவர்குடாவின் மகளிர் குழு, புங்க மரம் வளர்த்து எண்ணெய் எடுத்தது. அதனால் மிச்சமாகும் கரியமில வாயுவுக்கு ஈடாக 2003-ல் உலக வங்கி அவர்களுக்கு 645 டாலர் கொடுத்தது. தொகை சிறியதுதான். மலைவாழ் பெண்கள் எரிபொருள் கணக்கில் வரவு வைத்தார்கள் என்பது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் பிக்கப் வண்டிக்கு ஆறேழு லிட்டர் டீசல் வேண்டும். ஒரு லிட்டர் புங்க எண்ணெய்க்கு மூன்று, நான்கு கிலோ விதை தேவை. நாளுக்கு 22 கிலோ என்று வைத்துக்கொண்டால், 300 நாளுக்கு 6,600 கிலோ. நன்றாகக் காய்க்கும் மரம் 20 கிலோ விதை தரும் என்று கொண்டாலும் ஒரே ஒரு வண்டிக்கு 330 மரங்கள். பொறுக்க, உடைக்க, ஆட்ட ஆள் வேண்டும். எண்ணெயும் அப்படியே ஊற்றுவதற்கு ஆகாது. கெட்டியாக இருக்கும், மெத்தனாலோடு சேர்த்துப் பக்குவம் செய்து பயோ டீசலாக்க வேண்டும். ஊர்ப் பொது மோட்டாருக்கு, ஒரு டிராக்டருக்கு இது கைகொடுக்கும். லாரிகளுக்குத் தீனி போட மலையைக் கேட்க முடியாது.

அப்படிக் கேட்டதன் பலனைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2003-ல் மத்திய அரசு பயோ டீசல் இயக்கத்தை முன்வைத்த பிறகு, இங்கே காட்டாமணக்கு அலை அடித்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, எண்ணெய் கொட்டும் என்று சொன்னார்கள். நம்பி நட்ட விவசாயிகளுக்குச் சொன்ன மகசூல் வரவில்லை. தண்ணீர் பாய்ச்சாமல் காய்க்கவில்லை. பலர் செடியைப் பிடுங்கிவிட்டு மீண்டும் பழைய பயிருக்கே போனார்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகு ஜவ்வாது மலையில் யாராவது சாமை விளையும் நிலத்தில் எரிபொருள் பயிர் வைக்கச் சொன்னால் அதை உறுதியாக எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கழிவிலிருந்து எடுப்பது வேறு விஷயம். நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் ஜவ்வரிசி ஆலைக் கழிவு, சாணம் போன்றவற்றிலிருந்து அழுத்தப்பட்ட உயிரிவாயு தயாரிக்கும் ஆலை வந்தது. அந்த வாயுவை 2020-ல் இந்தியன் ஆயில் தன் பங்க்குகளில் விற்கத் தொடங்கியது. லாரிக்குப் பேர்போன நாமக்கல் மண்ணில் இது நடந்தது பொருத்தம். திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் கேத்தாண்டப்பட்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு ஆலையில் சாறு வடித்தபின் மிஞ்சும் சேற்றுக் கழிவு உயிரிவாயுவுக்கு நல்ல மூலப்பொருள். யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கலாம்.

எத்தனால் பற்றி ஒரு வரி. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடு முழுக்க வந்துவிட்டது. டீசலோடு எத்தனால் சரியாகக் கலக்காது என்பதால் டீசல் லாரிக்கு அதனால் பயன் இல்லை.

கேஸ் வண்டி

இன்று கையெட்டும் தூரத்தில் இருப்பது சி.என்.ஜி. எண்ணூரில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் அளவு. கப்பலில் மைனஸ் 162 டிகிரி குளிரில் திரவமாக வரும் எரிவாயு அங்கே மீண்டும் வாயுவாகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிக்கு எரிவாயு வழங்கும் உரிமம் ஏஜி அண்ட் பி பிரதம் நிறுவனத்துக்குக் கிடைத்தது. குழாய் எட்டாத ஊர்களின் பங்க்குகளுக்கு இந்த எரிவாயு சிலிண்டர் அடுக்குகளில் நிரப்பப்பட்டு லாரியில்தான் வருகிறது. அந்த லாரி தாமதமானால் பங்க்கில் கேஸ் இல்லை. டிரைவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். வாடகை வண்டிக்காரருக்கு வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் ஒரு நடை போனதற்குச் சமம்.

சி.என்.ஜி.யில் கரும்புகை அநேகமாக இல்லை. டீசலைவிடச் செலவும் குறைவு. ஆனால் 200 மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கும் சிலிண்டர் எடையையும் இடத்தையும் தின்கிறது. இழுவையும் சற்றுக் குறைகிறது. சமதளத்தில் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போய்வரும் வண்டிக்கு இது பெரிய குறை இல்லை. கொண்டை ஊசி வளைவில் முழு லோடோடு ஏறும்போது காலுக்குக் கீழே ஆக்சிலரேட்டர் முழுதாக அமுங்கியும் வண்டி நகராமல் நிற்கும் அந்த நொடி வேறு. பெட்ரோலிலும் ஓடும் வண்டியானால் அப்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு ஏறுவார்கள். மலை மேல் கேஸ் பங்க் கிடையாது என்பதால் இறங்கி வருவதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் ஏற வேண்டும். எரிக்கப்படாமல் கசியும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு புவியைச் சூடாக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். நெடுஞ்சாலைக்கு இடைக்கால ஏற்பாடாக சி.என்.ஜி. சரி. மலைக்கு அது விடை இல்லை.

மேலே இரண்டு யூனிட், கீழே ஒரு யூனிட்

2025 ஜூன் மாதம் டாடா மோட்டார்ஸ் ஏஸ் ப்ரோ என்ற சின்ன லோடு வண்டியை அறிமுகம் செய்தது. ஒரே வண்டி, மூன்று எரிபொருள். அறிமுகத்தின்போது பெட்ரோல் வண்டியின் தொடக்க விலை 3.99 லட்சம், சி.என்.ஜி.யும் பெட்ரோலும் சேர்ந்தது 4.99 லட்சம், மின்சாரத்தில் ஓடுவது 6.50 லட்சம். மூன்றும் ஏற்றுவது 750 கிலோ. மின்சார வண்டியின் பேட்டரி 14.4 யூனிட் கொள்ளும். முழு சார்ஜில் 155 கிலோமீட்டர் ஓடும் என்கிறது நிறுவனம்.

ஏத்தத்துல இழுக்குமா? இதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். டீசல் இஞ்சினுக்கு இழுவை வர வேண்டுமானால் அது குறிப்பிட்ட வேகத்தில் சுற்ற வேண்டும்; அதற்காகத்தான் கியர் இறக்கி உறும வைக்கிறோம். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைக் கொடுக்கும். கிளட்ச் கருகும் வாசனை வராது. நடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தால் டீசல் வண்டியைவிட மின்சார வண்டியே லேசாகக் கிளம்பும்.

சரி, பேட்டரி தாங்குமா? இதே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்து மலையான ஏலகிரியின் உச்சி 1,000 மீட்டரைத் தாண்டும். அடிவாரத்திலிருந்து 500 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் சரக்குமாக ஒன்றரை டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2 யூனிட். மோட்டாரிலும் டயரிலும் வீணாவது, சாலைத் தூரத்துக்கான செலவு எல்லாம் தனி, இருந்தாலும் 14.4 யூனிட் பேட்டரியைப் பயமுறுத்தும் எண் இல்லை இது.

இனி இறக்கம். டீசல் வண்டி இறங்கும்போது பிரேக் லைனர் தேய்கிறது, சூடாகிறது, நாற்றம் வருகிறது. ஏறுவதற்குச் செலவழித்த டீசலில் ஒரு துளிகூடத் திரும்பி வராது. மின்சார வண்டியில் காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். ஏறும்போது கொடுத்த 2 யூனிட்டில் பாதி திரும்பினாலும் 1 யூனிட். ஜவ்வாது மலைக்கு இதில் இன்னொரு சாதகம். பலா சீசனிலும் புளி சீசனிலும் வண்டி காலியாகவோ அரை லோடிலோ ஏறி, முழு லோடில் இறங்குகிறது. பாரம் கூடக் கூட இறக்கத்தில் திரும்பிவரும் மின்சாரமும் கூடும். மலையிலிருந்து இறங்கும் பலாப்பழம் தன் எடையால் பேட்டரியை நிரப்பிக்கொண்டே வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தினமும் ஒரே பாதை, ஒரே தூரம், இரவில் வீட்டு வாசலில் ஓய்வு என்று ஓடும் வண்டிக்கு மின்சாரம் எவ்வளவு பொருந்தும் என்பதற்குப் பழைய சாட்சி பிரிட்டன். அங்கே பல்லாயிரம் பால் வண்டிகள் பேட்டரியில் ஓடி, விடியலில் சத்தமில்லாமல் வீடு வீடாகப் பால் போட்டன. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது. நம் மாவட்டத்தில் பால் எடுக்கும் வேன்களும், ரேஷன் சரக்கு வண்டிகளும், சிலிண்டர் வண்டிகளும் அதே மாதிரியான ஓட்டம்தான் ஓடுகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். 750 கிலோ வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றும் பழக்கம் பேட்டரியிடம் செல்லாது; தூரம் சட்டென்று சுருங்கிவிடும். 15 ஆம்பியர் பிளக்கில் முழுச் சார்ஜ் ஏற ஐந்தாறு மணி நேரம் வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலைக் கிராமத்தில் இரவெல்லாம் கரண்ட் இருக்காது. காலையில் சந்தைக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார்? மெக்கானிக் பிரச்சினை அதைவிடப் பெரியது. டீசல் வண்டி நின்றுபோனால் திருப்பத்தூரில் எந்தப் பட்டறையிலும் ஆள் கிடைக்கும். மின்சார வண்டியின் கன்ட்ரோலர் போனால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாவட்டத்திலுள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தால் வேலையும் கிடைக்கும், வண்டிக்காரருக்குத் தைரியமும் வரும்.

டியூ கட்டும் மனிதர்

எல்லாக் கணக்கும் கடைசியில் வந்து நிற்கும் இடம் மாதத் தவணை. பெட்ரோல் ஏஸ் ப்ரோவுக்கும் மின்சார ஏஸ் ப்ரோவுக்கும் அறிமுக விலையில் இரண்டரை லட்சம் ரூபாய் வித்தியாசம். ஓட்டும் செலவில் அது சில ஆண்டுகளில் ஈடாகிவிடும் என்பது உண்மை. ஆனால் ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு ‘சில ஆண்டுகளில்’ என்பது ஆறுதல் ஆகாது. அடுத்த மாதம் 5-ஆம் தேதி டியூ கட்ட வேண்டும். பைனான்ஸ்காரர்கள் மின்சார வண்டிக்குக் கடன் தரத் தயங்குகிறார்கள். தந்தாலும் வட்டி அதிகம். பழைய வண்டியாக விற்கும்போது பேட்டரிக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அமேசானுக்கும் பிளிப்கார்ட்டுக்கும் இந்தக் கவலை இல்லை. மொத்தமாக வாங்குகிறார்கள், அல்லது வாங்கி வைத்திருப்பவர்களிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

தமிழக அரசு தன் 2023 மின்சார வாகனக் கொள்கையில் 2025 இறுதிவரை சாலை வரியை முழுதாக விலக்கியது. நல்ல காரியம். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 10,900 கோடி ரூபாய்த் திட்டம். அதில் மின்சார லாரிகளுக்கு மட்டும் 500 கோடி. ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம், சுமார் 5,600 லாரிகளுக்கு. மானியம் வேண்டுமென்றால் பழைய டீசல் லாரி ஒன்றை உடைப்புக்குக் கொடுத்த சான்றிதழ் காட்ட வேண்டும்.

மலைக்கு வேண்டியது இத்தனை பெரிய தொகை இல்லை. திருப்பத்தூர் அடிவாரத்தில் ஒன்று, புதூர்நாட்டில் ஒன்று என இரண்டு வேகச் சார்ஜர்கள். கரண்ட் போனாலும் இயங்கும்படி அவற்றுக்குச் சோலார் தகடும் பேட்டரியும். பழங்குடி இளைஞர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் குறைந்த வட்டியில் கூட்டுறவு வங்கிக் கடன். அரசுச் சரக்கு ஏற்றும் வாடகை வண்டிகளில் மின்சார வண்டிக்கு முன்னுரிமை. மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் ஓர் ஆண்டில் செய்துவிடக்கூடியவை இவை. 2019 நவம்பரில் பிறந்த இளம் மாவட்டம் இது. மலைப்பாதையில் மின்சார லோடு வண்டியை முதலில் நிலைநிறுத்திய மாவட்டம் என்ற பெயரை எடுக்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. மேலே சொன்ன லாரி மானியம், சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் உள்ள வண்டிகளுக்குத்தான். புதூர்நாட்டுக்கு ஏறும் குட்டியானை அந்த எடையில் பாதிகூட இல்லை.